வாசகர் கேள்விகள்: முதல் 10 லிட்டர் பீர்

இட்லி மாவு புளிப்பதைப் பற்றி முன்பொரு முறை இந்தப் பகுதியில் எழுதியபோது, அது போன்ற ஒரு நொதித்தல்தான் பீருக்கும் அடிப்படை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்மாதம் அதிகம். ஆகவே இந்த இதழில் வீட்டு பீர் தயாரிப்பைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறேன். வீட்டிலேயே பீர் தயாரிக்க விரும்புகிறேன். இதற்கு உரிமம் வேண்டுமா? என்ன கருவிகள் வாங்க வேண்டும்? கடையில் எஃகுக் கலன்களின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.
வாசகர், ஈசூன்

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் சொந்தத் தேவைக்காக பீர், ஒயின் போன்ற நொதித்த பானங்களை வீட்டில் தயாரிக்க உரிமம் தேவையில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது, ஒரு புட்டியைக் கூட விற்கக் கூடாது, எக்காரணம் கொண்டும் அதை வாலையில் (சாராயம் வடிக்கும் கலனில்) வடித்துச் சாராயமாக்கக் கூடாது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். பிரிட்டனில் 1880 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவைப்பட்டது. 1963இல்தான் அது நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாகவே கருதுகிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தப் பதில்களை அறிந்துகொள்வதற்காக மட்டும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கருவிகளைப் பொறுத்தவரை, நீங்கள் திரும்பி வந்தது நல்லதாயிற்று. பீரைத் தயாரிப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்; அந்த ஈஸ்டுக்கு வேண்டிய இனிப்பு நீரைச் சுத்தமாகக் கொடுத்து, அதற்கேற்ற வெப்பநிலையில் வைத்திருப்பது மட்டுமே நம் வேலை. அந்த இரண்டுக்கும் பயன்படாத எதற்கும் முதல் ஆண்டில் பணம் செலவழிக்க வேண்டாம். வீட்டில் பிரியாணி செய்யும் 15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் அதுவே போதும். மூடியுள்ள, உணவுக்கு உகந்த 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று வேண்டும். அதன் மூடியில் பொருத்துவதற்கு ஏர்லாக் என்னும் சிறு குழாய் வேண்டும். அதில் நிற்கும் தண்ணீர், உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். ஒரு வெப்பமானி, கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு, பீரைக் கலங்காமல் இறக்குவதற்கு ஒரு மெல்லிய குழாய், அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகள் இருபது, கழுவிவிட வேண்டிய தேவையில்லாத கிருமிநீக்கித் திரவம் ஒரு சிறு புட்டி ஆகியவையும் வேண்டும்.

இவற்றோடு ஹைட்ரோமீட்டர் ஒன்றையும் கட்டாயம் வாங்குங்கள். பால்காரர்கள் பாலில் மிதக்கவிடும் பால்மானியின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது. வெறும் தண்ணீரில் 1.000 என்று காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் அதற்கு மேல் காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். மலிவான இந்தக் கண்ணாடிக் கருவி இல்லாமல் தொடங்குகிறவர்கள்தான், இப்பகுதியின் கடைசிக் கேள்வியில் வரும் விபத்துக்கு ஆளாகிறார்கள்.

கருவிகளை வாங்கிய பிறகு, முதல் முறை எதைச் செய்வது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
அதே வாசகர்

பீரின் மூலப்பொருள்கள் நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட். பவேரியாவில் 1516இல் பிறப்பித்த புகழ்பெற்ற ஆணை முதல் மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. நான்காவது ஓர் உயிர் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மால்ட் என்பது நமக்குப் புதிய பொருளன்று. குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறோமே, அதையே பார்லியில் செய்தால் அதுதான் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் சுரக்கின்றன. அந்தத் தானியத்தை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைத்தால், நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். முதல் முறையிலேயே இந்தக் கட்டத்தைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வேறொருவர் இந்த வேலையை முடித்து, சாற்றை உலர்த்திப் பொடியாக்கி விற்பதுதான் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். அதை வாங்குங்கள், உங்கள் கவனம் முழுவதும் சுத்தத்திலும் ஈஸ்டிலும் இருக்கட்டும்.

10 லிட்டர் பேல் ஏல் (ஒரு வெளிர்நிற பீர் வகை) தயாரிக்க, வெளிர்நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.25 கிலோ, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் 30 கிராம், உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் தேவை. ஈஸ்ட் கென்ட் என்பது இங்கிலாந்தில் அந்த ஹாப்ஸ் விளையும் ஊர்ப்பகுதியின் பெயர். அதற்கும் நுண்ணுயிரான ஈஸ்டுக்கும் தொடர்பில்லை. 12 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைத் தூவிக் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பு எரியும்போதே போட்டால் அடிப்பிடிக்கும். பிறகு மீண்டும் மூட்டிக் கொதிக்கவிடும்போது, பாத்திரத்தை விட்டு அகலாதீர்கள். பொங்கல் பானையில் பால் பொங்குவது போலவே இதுவும் ஒரே நொடியில் பொங்கி அடுப்பு முழுவதும் பரவும். பாலைவிட இது பிசுபிசுப்பானது. நுரை அடங்கியதும் 20 கிராம் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கசப்பைத் தரும் ஆல்பா அமிலங்கள் நீண்ட கொதியில்தான் உருமாறிக் கரைகின்றன. மணமோ ஆவியோடு போய்விடக்கூடியது. அதனால் மீதி 10 கிராமை, இறக்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேர்க்க வேண்டும்.

இறக்கியபின் பாத்திரத்தை மூடி, பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்து விரைவாக ஆறவிடுங்கள். இந்த நிமிடத்திலிருந்து அந்தத் திரவத்தைத் தொடும் ஒவ்வொரு பொருளும், கரண்டி, வாளி, மூடி, வெப்பமானி எல்லாமும், கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். கழுவுவதும் கிருமிநீக்குவதும் வெவ்வேறு வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் வாளியில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது. ஆகவே முதலில் தேய்த்துக் கழுவி, அதன்பின் கிருமிநீக்கியால் நனைக்க வேண்டும். வாளிக்கு மாற்றியபின் 10 லிட்டருக்குக் குறைவாக இருந்தால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் 1.046 அளவில் காட்டும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஈஸ்டுக்கு ஆக்சிஜன் கிடைக்கும்படி வாளியை மூடி நன்றாகக் குலுக்கி, ஈஸ்டைத் தூவி, ஏர்லாக்கைப் பொருத்தி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். புதியவர்களுக்கு மிகக் கடினமான கட்டம் இது. தினமும் மூடியைத் திறந்து பார்க்கிறவர், ஒவ்வொரு முறையும் அறையிலுள்ள கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறார். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து வேலை முடிந்ததாக முடிவு செய்யவும் கூடாது. பத்து நாள் கழித்து ஹைட்ரோமீட்டரால் அளந்து, மூன்று நாள் விட்டு மீண்டும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். 1.046இல் தொடங்கி 1.011இல் நின்றால், ஆல்கஹால் ஏறத்தாழ 4.6 விழுக்காடு.

புட்டியில் அடைக்கும் நாளில் 60 கிராம் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பீரில் மெதுவாகக் கலந்து, புட்டிகளில் நிரப்புங்கள். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் இந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கும். மூடிய புட்டிக்குள் அது பீரிலேயே கரைந்து நுரையாகும். இந்த முறை காற்றுப் படாமல், சத்தமில்லாமல் ஊற்ற வேண்டும். தொடக்கத்தில் நன்மை செய்த ஆக்சிஜன், நொதித்து முடிந்த பீரைப் பாழாக்கிவிடும். இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்து, பின்பு குளிர்பெட்டியில் வைத்துக் குடிக்கலாம்.

நான் முதல் முறை தயாரித்த பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும், அதோடு மருந்துக்கடை வாடையும் வந்தன. சுத்தத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிழை எங்கே?
வாசகி, செங்காங்

நீங்கள் குறிப்பிடும் இரண்டு வாடைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டும் நம் ஊரில் அடிக்கடி நேர்வதுதான்.

நகப்பூச்சு வாடை வெப்பத்தால் வந்தது. சாதாரண ஏல் ஈஸ்டுகள் 18 முதல் 20 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். நம் வீட்டு அறையோ 30 டிகிரி. போதாததற்கு, நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால் வாளியின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகிவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வேகமாகப் பெருகி, நகப்பூச்சு வாடை தரும் எத்தில் அசிட்டேட் போன்ற எஸ்டர்களையும், தொண்டையில் எரியும் கன ஆல்கஹால்களையும் அளவுக்கு மீறி உண்டாக்கும். முதல் மூன்று நாள்களில் உண்டாகும் இந்தச் சுவையைப் பின்னால் எதைச் செய்தும் நீக்க முடியாது.

இதற்குத் தீர்வு இரண்டு. வாளியை ஒரு பெரிய தொட்டித் தண்ணீருக்குள் நிறுத்தி, உறையவைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றிப் போட்டு, முதல் நான்கைந்து நாள் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று. ஈரத்துணி சுற்றி மின்விசிறியை வைக்கும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வறண்ட காற்றுள்ள ஊருக்கு அது பொருந்தும், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பயன் குறைவு. இரண்டாவது தீர்வுதான் எனக்கு உவப்பானது: வெப்பத்தோடு போராடாமல், வெப்பத்தை விரும்பும் ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பது. நோர்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ‘குவைக்’ என்னும் ஈஸ்ட் வகை இருக்கிறது. முந்தைய பீரின் ஈஸ்டை உலர்த்தி எடுத்துவைத்து அடுத்த பீருக்குப் போடுவது அவர்கள் வழக்கம். நாம் உறைமோர் எடுத்துவைப்பதை அது நினைவூட்டுகிறது. வோஸ் என்னும் ஊரின் பெயரால் விற்கும் குவைக், 30 டிகிரிக்கு மேலும் நல்ல சுவையுடன் நொதிக்கும். 35 டிகிரி கூட அதற்கு மகிழ்ச்சியே. சில நாள்களிலேயே வேலையை முடித்து, லேசான ஆரஞ்சு மணத்தை விட்டுச்செல்லும். குளிர்நாட்டு மக்கள் காப்பாற்றிய ஈஸ்ட் வெப்பநாட்டு வீட்டுக்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முந்தைய பதிலில் ஈசூன் வாசகருக்குச் சொன்ன பேல் ஏலுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

மருந்துக்கடை வாடை தண்ணீரிலிருந்து வந்திருக்கக்கூடும். குழாய் நீரைக் கிருமியின்றி வைத்திருக்கும் குளோரமின், மால்ட்டிலும் ஈஸ்டிலுமிருந்து வரும் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாக மாறும். அது மிகமிகச் சிறிய அளவிலேயே நாக்கில் தெரியும். குளோரின் கொதியில் போய்விடும். குளோரமின் எளிதில் போகாது. பீர் தயாரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கேம்டன் மாத்திரை ஒன்று, ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீரைச் சரிசெய்யும். ஒரு மாத்திரையின் ஆறில் ஒரு பங்கைப் பொடித்து, 12 லிட்டர் தண்ணீரில் மால்ட் சேர்ப்பதற்கு முன்பே கலந்துவிடுங்கள். இந்த மாத்திரையில் இருக்கும் கந்தக உப்புக்கு (சல்பைட்டுக்கு) ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்த்து, கரி வடிகட்டியில் மெதுவாக வடித்த தண்ணீரைப் பயன்படுத்தலாம். துணி வெளுக்கும் பிளீச்சால் வாளியைக் கழுவியிருந்தாலும் இதே வாடை வரும். அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. கள்ளக்குறிச்சியில் நடந்தது போல ஏதாவது ஆகிவிடுமா? கண் போய்விடும் என்கிறார்களே?
ஒரு தாய், மதுரை

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அந்த நஞ்சைச் சாராயம் என்று விற்றார்கள். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்குகிறது. பார்லி மால்ட்டை ஈஸ்டால் நொதிக்கவிடும்போது கிடைப்பது எத்தனால். பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து சிறிதளவு மெத்தனால் உண்டாவதுண்டு. பார்லியில் அது பொருட்படுத்தும் அளவில் இல்லை.

தமிழில் ‘காய்ச்சுதல்’ என்ற ஒரே சொல் பாலுக்கும், பாகுக்கும், சாராயத்துக்கும் பயன்படுவதால் இந்தக் குழப்பம் கூடிவிடுகிறது. சாராயம் காய்ச்சும்போது, நொதித்து முடிந்த ஊறலைச் சூடாக்கி, ஆவியாகும் ஆல்கஹாலைப் பிரித்துச் செறிவாக்குகிறார்கள். பீரில் கொதிக்கவைப்பது நொதிப்பதற்கு முன்னால் மட்டுமே. அப்போது அதில் ஆல்கஹால் ஒரு துளியும் கிடையாது. மேலும், கொதியும், ஹாப்ஸின் கசப்பும், பீரின் புளிப்பும், அதன் ஆல்கஹாலும் சேர்ந்து நோய்க்கிருமிகளை அண்டவிடுவதில்லை. கெட்டுப்போன பீர் வாயில் வைக்க முடியாதபடி புளிக்கும், உயிரைக் குடிக்காது.

உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. எவ்வளவு குடிக்கிறான், எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறான் என்று கேளுங்கள். வீட்டில் தயாரித்தது என்பதால் ஆல்கஹால் உடம்புக்குச் செய்யும் தீங்கு குறைந்துவிடாது. பத்து லிட்டர் கையருகே இருக்கும்போது அளவு தவறுவது எளிது. வாலை வைத்து வடிக்கும் எண்ணம் மட்டும் அவனுக்கு ஒருபோதும் வரக் கூடாது. அது சட்டப்படி குற்றம், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

தேக்காவில் ராகி மால்ட் மாவு கிடைக்கிறது. பார்லிக்குப் பதில் அதில் பீர் செய்யலாமா?
வாசகர், தெம்பனிஸ்

கேழ்வரகில் நொதித்த பானம் செய்வது பழைய வழக்கம்தான். இமயமலைப் பகுதிகளில் இன்றும் சிறுதானியத்தில் செய்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கும் ராகி மால்ட் உங்களுக்குப் பயன்படாது. கஞ்சிக்காக மணம் வர வறுத்துவிடுவதால், முளைகட்டும்போது சுரந்த நொதிகள் அந்தச் சூட்டில் அழிந்துபோயிருக்கும். நொதி இல்லையேல் மாவுச்சத்து சர்க்கரையாகாது. ஈஸ்ட் அதைத் தொடாது. கடைசியில் கலங்கிய கஞ்சியே மிஞ்சும். இரண்டு மூன்று முறை எக்ஸ்ட்ராக்டில் செய்து கைபழகியபின், தானியத்தை ஊறவைக்கும் முறைக்கு வரும்போது, உடைத்த பார்லி மால்ட்டோடு பத்தில் ஒரு பங்கு கேழ்வரகைக் கஞ்சியாக வேகவைத்துச் சேர்த்துப் பாருங்கள். பார்லியில் இருக்கும் நொதிகள் இதையும் சேர்த்து உடைக்கும். அதற்கு மேல் சேர்த்தால் வடிகட்டுவது பெரும்பாடாகிவிடும்; கேழ்வரகுக்குப் பார்லியைப் போல வடிகட்டியாக உதவும் உமி கிடையாது.

அடைத்து வைத்த கண்ணாடிப் புட்டிகளில் இரண்டு நள்ளிரவில் வெடித்துவிட்டன. மீதி பதினெட்டும் அலமாரியில் இருக்கின்றன. தொடவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

நீங்கள் பயப்படுவது சரி. அந்தப் புட்டிகளை வெறுங்கையால் தொட வேண்டாம். ஏழாம் நாளே குமிழி நின்றுவிட்டதால் அடைத்ததாகவும், அன்று ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டியதாகவும் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் எட்டுப் புள்ளிகளாவது, அதாவது 1.012 வரையாவது, இறங்க வேண்டிய பீர் அது. அந்த எட்டுப் புள்ளிகள் லிட்டருக்கு ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரைக்குச் சமம். நாம் நுரைக்காகச் சேர்ப்பதோ லிட்டருக்கு 6 கிராம் மட்டுமே. இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய வாயுவை எந்தச் சாதாரணக் கண்ணாடிப் புட்டியும் தாங்காது. எனக்கும் தொடக்க காலத்தில் ஒரு புட்டி வெடித்தது. அருகில் யாரும் இல்லாததால் காயமின்றித் தப்பினோம். கண்ணாடித் துண்டு ஒன்று எதிர்ச்சுவரில் பதிந்திருந்ததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து புதியவர்கள் யாரைக் கண்டாலும் முதல் சில முறைகளுக்குப் பிளாஸ்டிக் புட்டியையே சொல்கிறேன். அழுத்திப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை அணிந்துகொண்டு, அலமாரியைத் திறந்தவுடன் புட்டிகளின் மேல் கனமான ஈரத் துண்டுகளைப் போர்த்துங்கள். ஒவ்வொன்றையும் துண்டோடு சேர்த்தே எடுத்து, குலுக்காமல், மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெட்டியோடு குளிர்பெட்டிக்குள் கொண்டுபோங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கும். வாயுவும் பீரில் கூடுதலாகக் கரைந்து அழுத்தம் குறையும். முழுதாக இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் துண்டால் சுற்றியபடி வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். அந்த பீரைக் காப்பாற்ற முயல வேண்டாம். கொட்டிவிட்டு, வெடித்த இடத்தில் சிதறிய கண்ணாடித் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறைக்கு இருமுறை தேடிப் பொறுக்கிவிடுங்கள்.